பேனாவும் பேரேடும் ஒரே கையில்: ஜான் போர்ட்மன் மாற்றியமைத்த நகர மையங்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில், பீச்ட்ரீ தெருவின் இருபுறமும் சுமார் 14 பிளாக்குகளில் பரந்து கிடக்கும் அலுவலகக் கோபுரங்கள், ஓட்டல்கள், மொத்த வணிகக் காட்சிக்கூடங்கள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை ஒரே மனிதரின் வரைபலகையில் உருவானவை. வரைந்தவர் அவர், நிலத்தைப் பேசி முடித்தவரும், கடனுக்கு ஆள் தேடியவரும், வாடகைக்கு ஆள் பிடித்தவரும் அவரே. 1924இல் பிறந்து 2017 டிசம்பரில் தம் 93ஆம் வயதில் மறைந்த ஜான் போர்ட்மன், கட்டடக்கலைஞராகவும் டெவலப்பராகவும் ஒரே சமயத்தில் இயங்கியவர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விரு வேலைகளையும் இத்தனை பெரிய அளவில் ஒருசேரச் செய்தவர் வேறொருவரைச் சொல்வது கடினம். அட்லாண்டாவில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், டெட்ராய்ட், நியூயார்க், சிங்கப்பூர், ஷாங்காய் எனப் பரவிய அவருடைய பணி, நகர மையங்களை மீட்ட சாதனை என்று ஒருசாராராலும், தெருக்களைக் கொன்ற குற்றம் என்று மறுசாராராலும் இன்றும் பேசப்படுகிறது.

இரண்டு தீர்ப்புகளும் ஒரே காரணத்திலிருந்து கிளைத்தவை என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. வரைபவரும் முதல் போடுபவரும் ஒருவரே ஆகும்போது, வழக்கமான முதலாளி வெட்டி எறிந்துவிடக்கூடிய துணிச்சலான யோசனைகள் பிழைத்துக்கொள்கின்றன. அதே வேளையில், முதலீட்டின் எல்லைக்கோடு எதுவோ அதுவே வடிவமைப்பின் எல்லைக்கோடாகவும் ஆகிவிடுகிறது. சொத்தின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் கவனம் கிடைக்கிறது. சொத்துக்கு வெளியே இருக்கும் நடைபாதைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

தொடக்கம்: ஒரு வணிகக் காட்சிக்கூடம்

ஜார்ஜியா டெக் கல்லூரியில் 1950இல் பட்டம் பெற்ற போர்ட்மன், 1953இல் சொந்த அலுவலகம் தொடங்கினார். 1956 முதல் 1968 வரை, தமக்கு மூத்தவரான கிரிஃபித் எட்வர்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து நடத்தினார். தொழிலில் காலூன்றாத இளைஞருக்குப் பெரிய கட்டடங்களைத் தர யாரும் முன்வராத நிலையில், வேலை தேடி வரும்வரை காத்திருப்பதைவிட வேலையைத் தானே உண்டாக்கிக்கொள்வது மேல் என்று அவர் முடிவெடுத்தார். தெற்கு மாநிலங்களின் சில்லறை வியாபாரிகள் அறைகலன்களைப் பார்த்துக் கொள்முதல் செய்ய ஒரே கூரையின்கீழ் ஓர் இடம் தேவைப்படுவதைக் கண்டு, முதலில் ஒரு பழைய கார் நிறுத்தகக் கட்டடத்தைக் காட்சிக்கூடமாக மாற்றினார். அந்த முயற்சி பலித்ததும், 1961இல் பீச்ட்ரீ தெருவில் 22 தளங்கள் கொண்ட அட்லாண்டா மெர்ச்சண்டைஸ் மார்ட் எழுந்தது. பிற்காலத்தில் அமெரிக்காஸ்மார்ட் என்ற பெயரில் பல கட்டடங்களாக வளர்ந்து, அவருடைய நிதி வாழ்க்கைக்கே தூணாக நின்றது இந்த வணிகம்தான்.

அந்நாளில் இது தொழில் ஒழுக்கத்தோடு உரசிய விஷயம். கட்டடக்கலைஞர் என்பவர் உரிமையாளரின் நலனைக் காக்கும் நடுநிலையான ஆலோசகர், அவருக்கே கட்டடத்தில் பணப்பங்கு இருந்தால் யார் பக்கம் நிற்பார் என்ற கேள்வி அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் வட்டாரங்களில் வெளிப்படையாகவே எழுப்பப்பட்டது. கேள்வி நியாயமானதே. ஆனால் முதலாளியும் வரைபவரும் ஒருவரே ஆகும்போது ஏமாற்றப்பட முதலாளி என்று தனியாக ஒருவர் இருப்பதில்லை. பாதிக்கப்படக்கூடியவர் மூன்றாம் தரப்பு, அதாவது அக்கம்பக்கத்தார். அந்தக் கோணத்திலிருந்து அன்றைக்கு யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

1960இல் பிரேசிலின் புதிய தலைநகரான பிரசிலியாவின் திறப்பு விழாவுக்குப் போய்வந்ததை, தம் சிந்தனையை மாற்றிய அனுபவமாகப் போர்ட்மன் பின்னாளில் குறிப்பிட்டதுண்டு. கம்பீரமான கட்டடங்களுக்கிடையே மனிதர்கள் உலவ இடமில்லை என்ற ஏமாற்றத்தோடு அவர் திரும்பினார். ஒருவர் காரை எடுக்காமல் ஏழு முதல் பத்து நிமிட நடையில் வேலை, உறைவிடம், கடை, பொழுதுபோக்கு ஆகிய அனைத்தையும் அடையக்கூடிய ஒரு நகர அலகு வேண்டும் என்ற கருத்தை அவர் உருவாக்கிக்கொண்டது இதன் தொடர்ச்சியாகத்தான். இன்றைய நகரத் திட்டமிடலில் ‘பதினைந்து நிமிட நகரம்’ என்று புதிதுபோலப் பேசப்படுவதை, அறுபதுகளிலேயே ஒரு டெவலப்பர் தம் வணிகத் திட்டமாக வைத்திருந்தார். குறை கருத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நடை எந்தத் தரையில், யாருடைய தரையில் நடக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

முற்றத்தின் கணக்கு

1967இல் திறக்கப்பட்ட அட்லாண்டா ஹயாத் ரீஜென்சி ஓட்டல், போர்ட்மனை உலகுக்கு அறிமுகம் செய்தது. அதன் அருமை புரிய ஓட்டல் கட்டுமானத்தின் சாதாரணக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவே ஒரு நடைகூடம், அதன் இரு பக்கமும் வரிசையாக அறைகள் என்பதே அன்றைய வாய்பாடு. ஒரே நடைகூடத்தை இரண்டு வரிசை அறைகள் பகிர்ந்துகொள்வதால், வாடகை தராத பரப்பு குறைகிறது. போர்ட்மன் அந்தக் கட்டடத்தை நடுவில் பிளந்து, இரண்டு வரிசைகளையும் தள்ளி நிறுத்தி, இடையில் 22 தளங்களின் உயரத்துக்குக் கூரையிட்ட நடுமுற்றம் ஒன்றை வைத்தார். அறைகள் இப்போது ஒரு பக்கம் மட்டுமே உள்ள தாழ்வாரங்களில் திறக்கின்றன. ஆகவே ஓர் அறைக்கான நடைபரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதற்கு மேல், காசு தராத அத்தனை பெரிய வெற்றுவெளியையும் குளிரூட்ட வேண்டும். செலவுக் கணக்கை மட்டும் பார்க்கும் எந்த முதலாளியும் முதல் கூட்டத்திலேயே சிவப்புப் பென்சிலால் அடித்துவிடக்கூடிய யோசனை இது.

உள்ளே நுழையும் விதத்தையும் அவர் நாடகம்போல அமைத்தார். தெருவிலிருந்து வருபவர் தாழ்ந்த கூரையுடைய, சற்றே இருண்ட குறுகலான வழியாக நடந்து, திடீரென்று மேலே 22 தளங்கள் திறந்துகொள்ளும் வெளிச்சத்துக்குள் வந்து விழுகிறார். ஓட்டலின் லிஃப்ட் அதுவரை சுவருக்குள் மறைந்திருந்த இருட்டுப் பெட்டி. போர்ட்மன் அதை வெளியே எடுத்து, கண்ணாடிச் சுவர் வைத்து, ஓரங்களில் விளக்குகள் பதித்து, முற்றத்தின் நடுவே ஏறியிறங்கும் காட்சிப்பொருளாக்கினார். கூரையைத் துளைத்துக்கொண்டு மேலேறும் லிஃப்ட், உச்சியில் நீலக் குவிமாடத்தின்கீழ் மெல்லச் சுழலும் உணவகத்தில் கொண்டுபோய் விட்டது. அறை எடுக்காதவர்களும் லிஃப்டில் ஏறிப் பார்ப்பதற்காகவே வந்தார்கள்.

கட்டி முடிக்குமுன்பே பணம் முடைப்பட்டு, பெரிய ஓட்டல் நிறுவனங்கள் கைவிரித்த நிலையில், அதை வாங்கிக்கொண்டவர்கள் அன்று மேற்குக் கடற்கரையின் விமான நிலையங்களை ஒட்டி மோட்டல்கள் நடத்திவந்த ஹயாத் நிறுவனத்தின் பிரிட்ஸ்கர் குடும்பத்தார். ஹயாத் உலகப் பெயராக மாறியதில் அந்த முற்றத்துக்கு முக்கியப் பங்குண்டு. காசு தராத வெற்றுவெளியே அறைகளை நிரப்பும் சரக்காக ஆனது. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் ஓட்டல்கள் இதைப் பின்பற்றின.

அந்த முற்றத்துக்கு முன்னோடி ஒன்று உண்டு என்பதை இங்கே சொல்லாமல் கடந்துபோக மனமில்லை. 1965இல் அட்லாண்டாவின் முதியோருக்கான அரசு வாடகைக் குடியிருப்பு ஒன்றைப் போர்ட்மன் வடிவமைத்தார். ஆன்ட்வான் கிரேவ்ஸ் இல்லம் என்ற அந்தக் கட்டடத்தில், வீடுகள் உள்முற்றத்தைப் பார்த்த தாழ்வாரங்களில் திறந்தன. வயதானவர்கள் வாசலில் நின்றபடி எதிர்வீட்டாருடன் பேசிக்கொள்ள முடிந்தது. ஏழைகளுக்கென யோசித்த ஏற்பாடுதான் பின்பு ஆடம்பர ஓட்டலாக விரிந்தது. ஓட்டல் இன்றும் நிற்கிறது. முதியோர் இல்லம் 2009இல் இடிக்கப்பட்டது.

பாலங்கள்

ஹயாத்தின் வெற்றிக்குப்பின், பீச்ட்ரீ தெருவை ஒட்டிப் போர்ட்மன் எழுப்பிய கட்டடத் தொகுதியான பீச்ட்ரீ சென்டர் வேகமாக வளர்ந்தது. 1976இல் 73 தளங்கள் கொண்ட உருளை வடிவ ஓட்டலான பீச்ட்ரீ பிளாசா, திறந்த நாளில் உலகின் மிக உயர்ந்த ஓட்டலாக இருந்தது; 1985இல் திறந்த மேரியட் மார்க்கீயின் முற்றம் 470 அடி உயரம். கட்டடங்கள் பெருகப் பெருக, அவற்றைத் தெருவுக்கு மேலே கண்ணாடியிட்ட நடைபாலங்கள் இணைத்தன. மழையிலும் ஜார்ஜியாவின் கோடை வெயிலிலும் காட்சிக்கூடத்துக்கு வரும் வியாபாரி, மாதிரிப் பெட்டிகளோடு தெருவில் இறங்காமலே ஓட்டலுக்கும் அலுவலகத்துக்கும் போய்வர முடிந்தது. ஒவ்வொரு பாலத்துக்கும் தனித்தனியே கேட்டால் நியாயமான காரணம் இருந்தது.

மொத்தமாகப் பார்த்தால் விளைவு வேறு. பாலத்தில் நடப்பவர் பாலத்தின் இருமுனைக் கடைகளில்தான் காப்பி குடிப்பார். அந்தக் கடைகளின் வாடகை போர்ட்மன் நிறுவனத்துக்குப் போகும். கீழே, பீச்ட்ரீ தெருவின் மறுபுறத்தில் வேறொருவருக்குச் சொந்தமான கடையின் வாசலை அவர் கடப்பதே இல்லை. நடப்பவர்கள் குறையக் குறையக் கடைகள் மூடின. கடைகள் மூடியதால் தெரு பாதுகாப்பற்றதாகத் தோன்றியது. தெரு அப்படித் தோன்றியதால் பாலங்களுக்குத் தேவை கூடியது. இதற்குள் இனப் பாகுபாட்டின் வரலாறும் புகுந்திருக்கிறது. அறுபதுகளுக்குப்பின் வெள்ளையர் பெருமளவில் புறநகருக்குக் குடிபெயர்ந்த நகரம் அட்லாண்டா. புறநகரிலிருந்து காரில் வந்து, நிறுத்தகத்திலிருந்து பாலம் வழியாக அலுவலகம் சேர்ந்து, மாலையில் அதே வழியில் திரும்பும் ஊழியர், கறுப்பின மக்கள் நடமாடும் தெருவில் கால் வைக்காமலே ஆண்டுக்கணக்கில் நகர மையத்தில் வேலை பார்க்க முடிந்தது.

போர்ட்மனுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய அமெரிக்க நகர மையங்களிலிருந்து முதலீடு தப்பியோடிக்கொண்டிருந்தது. கடைகளும் அலுவலகங்களும் புறநகர் நெடுஞ்சாலைச் சந்திப்புகளுக்கு நகர்ந்துகொண்டிருந்தன. அந்தக் காற்றுக்கு எதிராக நின்று நகர மையத்திலேயே பணத்தைப் புதைத்தவர்களில் அவர் முதன்மையானவர். பாலங்கள் இல்லாத பீச்ட்ரீ சென்டர் ஒன்று அன்று எழுந்திருக்குமா, அல்லது எதுவுமே எழாமல் வாகன நிறுத்தத் திடல்கள்தான் மிஞ்சியிருக்குமா என்ற கேள்விக்கு விமர்சகர்கள் எளிதில் பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது எளிதாகப் படவில்லை.

டெட்ராய்ட்: கோட்டையும் மதிலும்

போர்ட்மன் முறையின் பலமும் பலவீனமும் மிகப்பெரிய அளவில் வெளிப்பட்ட இடம் டெட்ராய்ட். 1967 கலவரத்துக்குப்பின் அந்த நகரத்தின் மையம் காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில், போர்டு கார் நிறுவனத்தின் தலைவர் இரண்டாம் ஹென்றி போர்டு, ஆற்றங்கரையில் ஒரு மாபெரும் வளாகத்தைக் கட்டப்போவதாக 1971இல் அறிவித்தார். 50க்கும் மேற்பட்ட நிறுவனங்களை அவர் முதலீட்டில் சேர்த்துக்கொண்டார். நடுவில் 73 தள ஓட்டல், அதைச் சுற்றி 39 தளங்கள் கொண்ட நான்கு அலுவலகக் கோபுரங்கள் என்ற ரினைசன்ஸ் சென்டரைப் போர்ட்மன் வடிவமைத்தார். 1977இல் அது திறக்கப்பட்டது. நகரத்தின் மறுபிறப்பு என்றே பெயரிட்டிருந்தார்கள்.

நகரத்திலிருந்து இந்த வளாகத்தை நோக்கி வருபவரை முதலில் எதிர்கொண்டது ஜெஃபர்சன் அவென்யூ. பல வரிசை வாகனங்கள் விரையும் அந்த அகன்ற சாலையைத் தாண்டினால், வளாகத்தின் முகப்பு நெடுகிலும் குளிரூட்டும், சூடேற்றும் இயந்திரங்களை உள்ளடக்கிய உயர்ந்த கான்கிரீட் மேடுகள் இரண்டு மதில்போல நின்றன. காரில் வருபவருக்கு வழி தெளிவாக இருந்தது. நடந்து வருபவர், இரண்டு மேடுகளுக்கு இடையே வாகனங்களுக்கென விட்ட இடைவெளியில் நுழைந்து, கார்களோடு கார்களாக உள்ளே போக வேண்டியிருந்தது. இயந்திரங்களை எங்காவது வைத்தாக வேண்டும் என்பது உண்மை. ஆற்றங்கரை நிலம் ஒடுக்கமானது. நிலத்தடியில் நீர் பிரச்சினை உண்டாக்கும். கோபுர உச்சியில் வைத்தால் செலவு கூடும். ஆனாலும் அவற்றை வைப்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் நகரத்தைப் பார்த்த முகப்பு என்பதுதான் விஷயம். வாடகைப் பட்டியலில் வராத ஒரே பக்கம் அதுதானே.

உள்ளேயும் தடுமாற்றம் இருந்தது. வட்டமான நடுக்கூடத்தைச் சுற்றி ஒன்றுபோலவே இருக்கும் நான்கு கோபுரங்களுக்கான வழிகள் பிரிந்ததால், தினமும் வருபவர்களே திசை தவறினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1976இல் திறந்த பொனவென்ச்சர் ஓட்டலிலும் இதே கதைதான். ஐந்து கண்ணாடி உருளைகளாலான அந்தக் கட்டடத்தின் வாசலைக் கண்டுபிடிப்பதும், உள்ளே மாடத்தில் இருக்கும் கடையை மறுமுறை கண்டுபிடிப்பதும் சிரமம் என்பது பின்நவீனத்துவக் கோட்பாட்டு எழுத்துகளில் ஒரு நிரந்தர எடுத்துக்காட்டாகவே நிலைத்துவிட்டது.

இதைவிடக் கடுமையான பிரச்சினை சந்தைக் கணக்கில் இருந்தது. டெட்ராய்டில் புதிய அலுவலகங்களுக்கான தேவை வளரவில்லை. எனவே புதிய கோபுரங்களை நிரப்பியவர்கள் நகர மையத்தின் பழைய கட்டடங்களிலிருந்து மாறி வந்த வாடகைதாரர்களும், போர்டு நிறுவனமே இடம்மாற்றிக் கொண்டுவந்த ஊழியர்களும்தான். மறுபிறப்புக்கென்று கட்டிய வளாகம் ஜெஃபர்சன் அவென்யூவுக்கு அப்பாலிருந்த நகரத்தின் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டது. அப்படியும் அதனால் தன் கடனைச் சுமக்க முடியவில்லை. எண்பதுகளின் தொடக்கத்திலேயே கடன்கொடுத்தோருடன் பேசி ஏற்பாட்டை மாற்றியமைக்க நேர்ந்தது. 30 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய அந்த வளாகத்தை, 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 7 கோடி டாலருக்குச் சற்று அதிகமான விலைக்கு வாங்கியது.

புதிய உரிமையாளர் செய்த வேலைகளைக் கவனித்தால், பழைய வடிவமைப்பின் மீதான தீர்ப்பு அவற்றிலேயே எழுதப்பட்டிருப்பது தெரியும். சாலைப்பக்க மேடுகள் தகர்க்கப்பட்டு, நகரத்தை நோக்கிக் கண்ணாடி வாசல் வைக்கப்பட்டது. வழி தவறுவதைத் தடுக்கக் கோபுரங்களை இணைக்கும் வட்டக் கண்ணாடி நடைபாதை சேர்க்கப்பட்டது. ஆற்றைப் பார்த்த பக்கத்தில் உயரமான கண்ணாடிக் கூடம் ஒன்று கட்டப்பட்டு, அங்கிருந்து ஆற்றங்கரை நடைபாதைக்கு இறங்க வழி செய்யப்பட்டது. சுமார் 50 கோடி டாலர் செலவான இந்தத் திருத்தப் பணி 2004இல் முடிந்தது. வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு. இது அந்நிறுவனத்தின் தாராள மனமென்று கொள்ளத் தேவையில்லை. தன் தலைமையகத்தை அங்கே வைத்துக்கொண்ட நிறுவனத்துக்கு, சுற்றுப்புறத்தின் நிலையும் தன் கணக்கில் சேர்ந்துவிட்டது.

விதிவிலக்கு எங்கே நேர்ந்தது

சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடெரோ சென்டரைப் போர்ட்மன், வங்கியாளர் டேவிட் ராக்பெல்லர், டெவலப்பர் டிராமல் குரோ ஆகியோருடன் கூட்டாகக் கட்டினார். முதல் கோபுரம் 1971இலும், ஹயாத் ரீஜென்சி 1973இலும் வந்தன. நான்காவது கோபுரம் எண்பதுகளின் தொடக்கத்தில் முடிந்தது. பழைய காய்கறி மொத்தச் சந்தை இருந்த இடம் அது. நிலத்தை ஒருங்கிணைத்துக் கொடுத்தது நகர மறுசீரமைப்பு முகமை. கொடுத்தபோது நிபந்தனைகளையும் சேர்த்துத்தான் கொடுத்தது. வடிவமைப்பு, முகமையின் பரிசீலனைக்கு உட்பட்டது; கட்டுமானச் செலவில் ஒரு பகுதி பொதுக் கலைப்படைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது; நகரத்தின் தெருக்கள் அப்படியே வளாகத்தினூடே சென்றன.

இங்கும் பாலங்கள் உண்டு, மூன்று தளங்களில் கடைகளும் உண்டு. ஆனால் கடைகளின் கீழ்த்தளம் நடைபாதையிலேயே திறக்கிறது. மேல்தளத்துக்கு ஏறும் சுருள் படிகள் தெருவிலிருந்தே தொடங்குகின்றன. கோபுரங்களும் ஒல்லியாக, ஒன்றையொன்று மறைக்காமல் விலகி நிற்கின்றன. மதிய உணவு நேரத்தில் சுற்றுவட்டார அலுவலக ஊழியர்கள் வந்து உட்காரும் இடமாக அது ஆனது. அதே கலைஞர், அதே பத்தாண்டு, அதே வாய்பாடு. கட்டடம் தெருவோடு பேசிய விதம் மட்டும் வேறு. போர்ட்மனின் திறமையில் குறை இல்லை என்பதற்கும், எதிர்த்தரப்பில் தனக்கென நிபந்தனை வைக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தத் திறமை எப்படித் திரும்பும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று அவருடைய பணிகளில் இல்லை.

நியூயார்க் இதற்கு நேர்மாறு. டைம்ஸ் சதுக்கத்தில் ஓட்டல் கட்டும் திட்டம் எழுபதுகளின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டு, நகராட்சியின் நிதி நெருக்கடியால் முடங்கி, பின்பு அரசு உதவியோடு உயிர்பெற்றது. அதற்காக 1982இல் ஹெலன் ஹேய்ஸ், மொராஸ்கோ உள்ளிட்ட ஐந்து பழைய நாடக அரங்குகள் இடிக்கப்பட்டன. நாடகத் தயாரிப்பாளர் ஜோசப் பாப் முன்னின்று நடத்திய போராட்டத்தில் நடிகர்கள் தெருவில் அமர்ந்து கைதானார்கள், இடிப்பு நிற்கவில்லை. இழப்பின் அதிர்ச்சியால், எஞ்சிய அரங்குகள் பலவற்றுக்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாரம்பரியச் சின்னப் பாதுகாப்புக் கிடைத்தது என்பது மட்டுமே ஆறுதல்.

அட்லாண்டா ஓட்டலின் பெயரையே கொண்டு 1985இல் அங்கே திறந்த மேரியட் மார்க்கீ ஓட்டலின் லாபி எட்டாவது தளத்தில் வைக்கப்பட்டது. அன்றைய டைம்ஸ் சதுக்கத்தின் நிலைமையில் விருந்தினரைத் தெருவிலிருந்து எவ்வளவு மேலே தூக்கிவிட முடியுமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு அது. சுமார் கால் நூற்றாண்டு கழித்து, 2012இல், வொர்னாடோ என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் அதே ஓட்டலின் தெருமட்டக் கடைப் பகுதியையும் முகப்பின் விளம்பரப் பரப்பையும் குத்தகைக்கு எடுத்துப் பெரும் பொருட்செலவில் மாற்றியமைத்தது. 2014இல் எட்டு மாடி உயரத்துக்கு மின்திரை ஒன்று அங்கே ஒளிரத் தொடங்கியது. வேண்டாத பக்கமென்று போர்ட்மன் திருப்பிக்கொண்ட தெருமுகம்தான், டைம்ஸ் சதுக்கம் மீண்டபின் அந்தக் கட்டடத்திலேயே அதிக மதிப்புள்ள பரப்புகளில் ஒன்றாக ஆனது. அறம் இருக்கட்டும், டெவலப்பராகவே பார்த்தாலும் அவர் கைநழுவவிட்ட சொத்து அது.

கடனும் கிழக்கும்

எண்பதுகளின் இறுதியில் அமெரிக்க அலுவலகச் சந்தை சரிந்தது. அளவுக்கு மீறிக் கட்டப்பட்ட கட்டடங்கள் நாடெங்கும் காலியாக நின்றன. கடன் வாங்கிக் கட்டி, வாடகையால் கடனை அடைத்து, அந்தச் சொத்தைக் காட்டி அடுத்ததைக் கட்டும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் ஆட்டம் காணும். 1990வாக்கில் போர்ட்மன் தம் சொத்துகளில் பெரும்பகுதியைக் கடன்கொடுத்தோரிடம் இழந்தார். தொடக்கத்தில் சோறு போட்ட வணிகக் காட்சிக்கூடம் மட்டும் கையில் நின்றது. குடும்பம் அதை 2018வரை வைத்திருந்து விற்றது.

இந்தச் சரிவு அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் வழக்கமாக ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் நகரப் பகுதிகளுக்கு அதன் விளைவு பெரிது. ஒரே கையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் பாலங்களாலும் பொதுக் கூடங்களாலும் பின்னப்பட்ட கட்டடங்கள், வெவ்வேறு உரிமையாளர்களின் கைக்குப் போயின. பாலத்தின் ஒரு முனை ஒருவருக்கும் மறுமுனை இன்னொருவருக்கும் சொந்தமானால் பராமரிப்பு யாருடையது, இரவு எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவது என்பனவெல்லாம் பேரம்பேச வேண்டிய விஷயங்களாகின்றன. பொதுத்தெருவுக்கு நகராட்சி என்ற நிரந்தரக் காவலர் உண்டு. தனியார் தெருவுக்கு அதன் உரிமையாளர் கடன் கட்டும்வரைதான் காவல்.

அதற்குள் அவர் ஆசியாவில் காலூன்றியிருந்தார். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். கட்டடங்கள் நன்கு தெரியும். ஆர்ச்சர்ட் சாலையை அடுத்து 1982இல் திறந்து நெடுங்காலம் ரீஜென்ட் என்று அறியப்பட்ட ஓட்டலும், கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் எண்பதுகளின் நடுவில் எழுந்த மரினா ஸ்குவேர் வளாகமும், அதன் மூன்று ஓட்டல்களும் அவருடைய வடிவமைப்புகள். மூன்றில் ஒன்றான மரினா மண்டரினின் முற்றம் இன்று செடிகொடிகள் நிறைந்த தோட்டமாக வேறு பெயரில் இயங்குகிறது. மரினா ஸ்குவேரில் தெருவைக் கொன்றதாக அவரைக் குற்றம்சாட்ட முடியாது. அவர் போனபோது அங்கே கொல்வதற்குத் தெருவே இல்லை. புதுநிலத்தில் முதலில் ஒரு நடமாட்ட மையத்தை உருவாக்க வேண்டிய இடத்தில், உள்நோக்கித் திரும்பிய வளாகம் பொருந்திப்போனது.

சீனா தன் கதவைத் திறந்த தொடக்க ஆண்டுகளிலேயே அங்கே சென்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர்களில் ஒருவராக, 1990இல் ஷாங்காய் சென்டரை முடித்தார். நான்ஜிங் மேற்குச் சாலையில் ஓட்டல், குடியிருப்பு, அலுவலகம், நாடக அரங்கு ஆகியவற்றை ஒன்றாகக் கொண்ட அந்த வளாகம், வெளிநாட்டு நிறுவனங்கள் நகரத்துக்குள் வந்திறங்கும் படித்துறையாகப் பல ஆண்டுகள் இருந்தது. அங்கே நம்பகமான அலுவலக இடமோ, வெளிநாட்டார் வசிக்க வீடோ, கூட்டம் நடத்தக் கூடமோ தனித்தனியே கிடைக்காத காலத்தில், எல்லாவற்றையும் ஒரே மதிலுக்குள் தரும் போர்ட்மன் வாய்பாடு அமெரிக்காவில் இருந்ததைவிடப் பொருத்தமாக இருந்தது. அட்லாண்டாவில் தப்பித்தலாக இருந்தது ஷாங்காயில் அடிப்படை வசதியாக ஆனது.

இன்றைய நிலை

ஜெனரல் மோட்டார்ஸ் தன் தலைமையகத்தை நகர மையத்தின் பழைய ஹட்சன்ஸ் அங்காடி இருந்த மனைக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது. மாற்றிக் கட்டிய சாலைமுகப்பும் ஆற்றங்கரைக் கூடமும் இருந்தும் ரினைசன்ஸ் சென்டரை நிரப்ப முடியவில்லை. அதே ஆண்டின் இறுதியில், பெட்ராக் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தோடு சேர்ந்து, இரண்டு கோபுரங்களை இடித்து ஆற்றை நோக்கி வெளியைத் திறந்துவிடவும், எஞ்சியவற்றில் வீடுகளைக் கொண்டுவரவும் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. பொதுப்பணம் அதில் எவ்வளவு சேரலாம் என்பது டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் அரசியல் விவாதமானது. விவாதத்தில் ஒரு தரப்பு அந்த ஐந்து கோபுரங்களை நகரத்தின் அடையாளமாகக் கருதுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நடந்து போய்ச் சேர முடியாத கட்டடமென்று ஏசப்பட்ட ஒன்று, தொலைவிலிருந்து பார்க்கும் உருவமாக மக்கள் மனத்தில் இடம்பிடித்துவிட்டது.

அட்லாண்டாவில், 1965இல் கட்டிய 230 பீச்ட்ரீ கோபுரத்தின் கீழ்த்தளங்கள் 2016இல் ஓர் ஓட்டலாக மாற்றப்பட்டன. மாற்றத்துக்கான வடிவமைப்பு போர்ட்மனின் சொந்த அலுவலகத்துடையது. அவருக்கு அப்போது 91 வயது. ஓட்டலின் லாபியை மேல்தளத்துக்குத் தூக்காமல், கண்ணாடிச் சுவரோடு பீச்ட்ரீ தெருவின் நடைபாதையிலேயே வைத்தார்கள்.